ஒரே கப்பல், இரண்டு வழி முன்பதிவு: ஏழு பேர் கொண்ட குடும்பப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பயணம் 7 இரவுகள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏறி, மிக்கோனோஸ், துருக்கியிலுள்ள குஷாடாசி, ரோட்ஸ், சான்டோரினி என்று சுற்றிவிட்டு மறுபடியும் பிரேயஸிலேயே இறங்கும் கப்பல் சுற்றுலா. முதலில் திட்டமிட்டவர்கள் 6 பேர்: எழுபது வயதைக் கடந்த பெற்றோர், அவர்களுடைய மூத்த மகன், மருமகள், 11 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பேரக்குழந்தைகள். தாயாரால் பிடிமானத்தோடு சில அடிகள் நடக்க முடியும். அதற்கு மேல் வீல்சேர்தான். இளைய மகள் பிறகு சேர்ந்துகொண்டார்.

ஏற்பாடு முழுவதையும் மூத்த மகனே ஏற்றுக்கொண்டார். விமான டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் இணையத்திலேயே எடுத்துப் பழகியவர். கப்பலையும் அப்படியே எடுத்துவிடலாம் என்பதுதான் அவர் எண்ணம். ஏஜென்டிடம் போனால் கமிஷன் நம் தலையில் விழும் என்றும் நினைத்திருந்தார். பெரும்பாலும் அது உண்மையில்லை. முகவரின் கமிஷனைக் கப்பல் நிறுவனம்தான் தருகிறது. அது கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் கமிஷன் கிடையாது. பல நிறுவனங்கள் தங்கள் விலைக்குக் கீழே விளம்பரம் செய்ய முகவர்களை அனுமதிப்பதில்லை. அதனால் முகவர்கள் விலையைக் குறைக்காமல், கப்பலில் செலவழிக்கும் கிரெடிட்டாகவோ வேறு சலுகையாகவோ தருகிறார்கள். சில முகவர்கள் தனியே சேவைக் கட்டணம் வாங்குவதுண்டு. அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

புறப்பாட்டுக்கு 230 நாள் முன்: ஒரே நாளில் இரண்டு முன்பதிவுகள்

மகன் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் இரண்டு கேபின்களைத் தேர்ந்தெடுத்தார். தன் குடும்பத்துக்கு நான்கு படுக்கைகள் கொண்ட பால்கனி கேபின். பெற்றோருக்கு அதே பால்கனி வகையில், எண் ஒதுக்கப்படாத 'கேரன்டி' கேபின். இதில் வகைக்கு மட்டுமே உத்தரவாதம் உண்டு. எந்த அறை என்பதை நிறுவனம் பின்னால் முடிவுசெய்யும். விலை குறைவு. ஆனால் நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழேயோ, ஆட்டம் அதிகம் தெரியும் முன்முனையிலோ அறை அமைந்தாலும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஒரு பயண முகவரைத் தொலைபேசியில் அழைத்தார். கட்டணம் ஒன்றாகவே இருந்தது. முகவரின் கேள்விதான் வேறாக இருந்தது: "அம்மாவோட வீல்சேர் எவ்வளவு அகலம் சார்? சீட் அகலம் வேண்டாம். ஒரு பெரிய சக்கரத்தோட வெளிப்பக்கத்துல இருந்து இன்னொரு சக்கரத்தோட வெளிப்பக்கம் வரைக்கும் அளந்து சொல்லுங்க."

அளந்தபோது 64 சென்டிமீட்டர். சாதாரண கேபின்களின் கதவு பல கப்பல்களில் 56 முதல் 58 சென்டிமீட்டர்தான் இருக்கும். அப்படியானால் நாற்காலியை நடைவழியிலேயே நிறுத்தி, தாயாரை எழுப்பி, அதை மடக்கி, பக்கவாட்டில் உள்ளே எடுத்துப் போக வேண்டும். ஒவ்வொரு முறை வெளியே போய்வரும்போதும் இதே வேலை. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க உயர்த்திக் கட்டிய படி இருக்கும். கால் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். மாற்றுத்திறனாளிகளுக்கான கேபினில் கதவு சுமார் 81 சென்டிமீட்டர். குளியலறை வாசலில் படி இருக்காது, ஷவருக்கு அடியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போகலாம், சுவரில் பிடிமானக் கம்பிகள் இருக்கும். ஒரு கப்பலில் இத்தகைய அறைகள் மிகக் குறைவு; முதலில் தீர்ந்துபோவதும் இவைதான். இந்த நிறுவனத்தின் தளத்தில் அவை பட்டியலிலேயே வரவில்லை. அழைத்துப் பேசி, தேவையை உறுதிசெய்யும் படிவத்தைக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

முகவர் கப்பல் நிறுவனத்திடம் பேசி அப்படி ஒரு பால்கனி கேபினை, பணம் கட்டாமலே 48 மணி நேரத்துக்கு நிறுத்திவைத்தார். முகவர் தன் குழுவுக்கென எடுத்துவைத்திருந்த கேபின் தொகுப்பின் விலையிலேயே அது கிடைத்தது. கூடவே சிறிது கப்பல் கிரெடிட்டும் சேர்ந்தது. டெபாசிட் முழுத்தொகை கட்டும் நாள் வரை திருப்பித் தரப்படும்.

மகன் இங்கே ஒரு முடிவெடுத்தார். பெற்றோரின் கேபின் முகவர் வழியாக. தன் குடும்பத்தின் கேபின் தளத்தில் நேரடியாக, டெபாசிட் திரும்பாத குறைந்த கட்டணத்தில். தன் கேபினில் சிக்கல் எதுவும் இல்லை, யாரையும் நடுவில் வைக்க அவசியமில்லை என்பது அவர் காரணம். அந்த நாளில் அவரிடமிருந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். ஒரு குடும்பத்தின் இரண்டு புக்கிங்குகளை இரண்டு வெவ்வேறு கைகள் பிடித்திருக்கும்போது என்ன ஆகும் என்பது அப்போது கணக்கில் வரவில்லை.

185 நாள் முன்: ஏழாவது ஆள்

இளைய மகளும் வருவதாக முடிவானது. பெற்றோரின் கேபினில் சோபா படுக்கை ஒன்று காலியாக இருந்தது. மூன்றாவது பயணிக்குக் கட்டணம் குறைவு என்பதால் அவரை அங்கே சேர்க்கச் சொன்னார்கள். முகவர் முயன்றபோது கணினி ஏற்கவில்லை.

இந்த இடத்தில் பலரும் குழம்பிவிடுகிறார்கள். கப்பலில் இடம் இருக்கிறதா என்பதைப் படுக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு கேபினும் ஆபத்துக் காலத்தில் கூட வேண்டிய ஒரு இடத்தோடும், ஒரு உயிர்காக்கும் படகோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படகின் கொள்ளளவு நிரம்பிவிட்டால், அந்தப் பகுதியிலுள்ள எந்த அறையிலும் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்க முடியாது. படுக்கை காலியாகவே கிடக்கும். வேறு பகுதியில் அறை எடுத்தால் இடம் இருக்கலாம். யாராவது ரத்து செய்தாலும் திறக்கலாம். ஆனால் தாயாருக்கு வேறு பகுதியில் வீல்சேர் அறை இல்லை. தளம் இதையெல்லாம் சொல்லாது. 'கிடைக்கவில்லை' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும்.

மாற்று வழி, மகளுக்குத் தனியாக ஒரு உள்பக்க கேபின். விலைகள் 'இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு' என்ற கணக்கில்தான் போடப்படுகின்றன. ஒருவர் மட்டும் தங்கினால் பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தையே கட்ட வேண்டும். முகவர் ஒரு யோசனை சொன்னார்: எட்டு வயதுப் பையனை அத்தையின் அறைக்கு மாற்றிவிடலாம். இரண்டாவது ஆளின் கட்டணத்தை அத்தை எப்படியும் கட்டுகிறார். பையனின் துறைமுகக் கட்டணமும் வரியும் எங்கிருந்தாலும் ஒன்றுதான். மகனின் கேபினில் நான்காவது ஆளுக்கான கட்டணம் மிச்சமாகும்.

கணக்கு சரி. ஆனால் அந்தப் பையன் இருந்தது மகன் நேரடியாக எடுத்த புக்கிங்கில். முகவரால் அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. நேரடி முன்பதிவை ஒரு முகவரின் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. முழுத்தொகையும் கட்டப்பட்டிருக்கக் கூடாது. இந்த நிறுவனத்தில் கெடு 30 நாள். புக் செய்து 45 நாள் ஆகிவிட்டது.

ஆகவே இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதாயிற்று. இதில் வரிசை மிக முக்கியம். முதலில் பையனைப் பழைய புக்கிங்கிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குள் புதிய அறை போய்விட்டால் பையனுக்கு இடமே இருக்காது. மாறாக, புதியதை எடுத்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைத்தால், ஒரே பயணி இரண்டு இடத்தில் இருப்பதாகக் கணினி கண்டுபிடித்து ஏதாவது ஒன்றை ரத்து செய்துவிடக்கூடும். முகவர் உள்பக்க கேபினை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார். அதே நேரத்தில் மகன் இன்னொரு தொலைபேசியில் நிறுவனத்தை அழைத்து, மூன்று பேரோடு அதே நான்கு படுக்கை அறை தொடரும் என்பதை மின்னஞ்சலில் பெற்றபின் பையனை நீக்கச் சொன்னார். அடுத்த சில நிமிடங்களில் முகவர் பையனைப் புதிய அறையில் சேர்த்தார்.

திரும்பாத டெபாசிட் என்பதால் பையனின் பங்கு போனது. அதைக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தது. ஆனால் முதலில் போட்ட கணக்கைவிடக் குறைவு.

150 நாள் முன்: விலை இறங்கியது

ஒரு வார இறுதிச் சலுகையில் பால்கனி, உள்பக்க வகைகள் இரண்டும் விலை இறங்கின. முழுத்தொகை கட்டும் நாளுக்கு முன்பு இப்படி நடந்தால், அதே வகைக்குப் புதிய விலையைக் கேட்டுப் பெறலாம் என்பது பல நிறுவனங்களின் நடைமுறை. யாராவது கேட்க வேண்டும், தானாக நடக்காது.

மகன் அன்று மாலையே தளத்தைப் பார்த்துவிட்டு, நேரடியாக அழைத்து மாற்றிக்கொண்டார். ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தார்: விலையை மட்டும் ஒப்பிடவில்லை. பழைய கட்டணத்தில் வைஃபை சேர்ந்திருந்தது, புதியதில் இல்லை. வைஃபையைத் தனியாக வாங்கும் செலவைக் கூட்டிய பிறகும் லாபம் இருந்ததால்தான் மாற்றினார்.

முகவரின் பக்கம் இதே வேகம் இல்லை. அத்தையின் கேபினுக்கு விலை இறங்கியதை மூன்று நாள் கழித்தே முகவர் கவனித்தார், சலுகை முடிந்திருந்தது. நேரடியாகக் கேட்டாலும் நிறுவனம் அந்தப் புக்கிங்கைத் தொடாது. பெற்றோரின் கேபின் குழு விலையில் இருந்ததால் இந்தச் சலுகை அதற்குப் பொருந்தவில்லை.

விலையைத் தொடர்ந்து கவனிப்பது முகவரின் வேலை என்று வாடிக்கையாளர் நினைப்பார். சொன்னால் பார்க்கலாம் என்று முகவர் நினைப்பார். இதை டெபாசிட் கட்டும் அன்றே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

130 நாள் முன்: விசா

பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதிக்குள் கிரீஸ் இருக்கிறது, துருக்கி வெளியே. குஷாடாசியில் நிற்கும் கப்பல் மறுபடி ரோட்ஸுக்கு வரும்போது, பயணி ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறார். ஷெங்கன் விசா தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஒருமுறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்துதான் கொடுக்க முடியும். ஆகவே 230 நாள் முன்பே டெபாசிட் கட்டுகிறவர், விசா கிடைக்குமா என்று தெரியாமலேயே கட்டுகிறார். திரும்பாத டெபாசிட்டில் ஒளிந்திருக்கும் அபாயங்களில் இதுவும் ஒன்று.

முகவர் அனுப்பிய பட்டியலில் 'பலமுறை நுழைவு' என்று அடிக்கோடிட்டிருந்தது. தளத்திலிருந்து வந்த உறுதிப்பத்திரத்தில், பயண ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. மகன் தன் குடும்பத்துக்கு ஒருமுறை நுழைவுக்கே படிவத்தை நிரப்பியிருந்தார். பெற்றோரின் பட்டியலைப் பார்த்த பிறகு திருத்தினார். இந்த ஒரு வரியைத் தவறவிட்டிருந்தால், செலவு எந்தக் கட்டண வித்தியாசத்தையும் விழுங்கியிருக்கும்.

90 நாள் முன்: முழுத்தொகை

மகனின் புக்கிங்குக்குக் கடைசி நாள் 90ஆவது நாள். முகவர் தன் வாடிக்கையாளர்களுக்கு அதற்கு ஐந்து நாள் முன்னதாகவே கெடு வைத்திருந்தார். மகன் கடைசி இரவு அட்டையில் கட்ட முயன்றபோது, தொகை பெரியது, வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று வங்கி தடுத்துவிட்டது. வங்கியை அழைத்துத் தடையை நீக்கி, நள்ளிரவுக்கு முன் கட்டி முடித்தார். கெடு தாண்டினால் புக்கிங் ரத்தாகி டெபாசிட்டும் போயிருக்கும். முகவரின் அந்த ஐந்து நாள் இடைவெளி இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

இந்த நாளுக்குப் பிறகு ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் முழுத்தொகையும் போய்விடும். முகவர் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு ரத்துக் கட்டணம் வைத்திருந்தால், அது இதற்கு மேல்.

60 நாள் முன்: வீல்சேரும் சான்டோரினியும்

சான்டோரினியில் பெரிய கப்பல்கள் கரையில் அணையாது. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலிலேயே நின்று, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். கப்பலுக்கும் படகுக்கும் இடையே அலையோடு ஏறி இறங்கும் இடைவெளி இருக்கும். அதை ஒரு அடி எடுத்துவைத்துத் தாண்ட வேண்டும். வீல்சேரில் இருப்பவரை ஊழியர்கள் தூக்கி இறக்குவதில்லை. அன்றைய கடலைப் பார்த்துக் கப்பல் தலைவர் முழுவதுமாக மறுத்துவிடவும் செய்யலாம்.

சிறப்புத் தேவைப் படிவத்தை நிரப்பும்போது முகவர் இதைச் சொல்லிவிட்டார். தாயார் அன்று கப்பலிலேயே இருப்பது, கணவர் உடனிருப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். சான்டோரினி சுற்றுலாவுக்கு அவர்கள் இருவருக்கும் பணம் கட்டவில்லை. கப்பல் நேரே துறைமுகத்தில் அணையும் குஷாடாசியிலும் ரோட்ஸிலும் இறங்கிக்கொள்வது என்று வைத்துக்கொண்டார்கள்.

இங்கேயும் இரட்டைப் பிடி குறுக்கே வந்தது. மூன்று கேபின்களும் மூன்று புக்கிங் எண்கள். ஒரே மேசையில் சாப்பிட வேண்டுமானால் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும்படி கேட்க வேண்டும். முகவர் தன் இரண்டையும் இணைத்தார். மூன்றாவதை இணைக்க மகன் தனியாக அழைக்க வேண்டியிருந்தது.

கடைசி 12 நாட்கள்

விமான டிக்கெட்டுகளை மகன் வேறொரு தளத்தில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்திருந்தார். முந்தைய நாள் மதியம் போய்ச் சேர்வதாகத் திட்டம். 12ஆவது நாள் விமான நிறுவனம் நேரத்தை மாற்றியது. புதிய நேரப்படி, கப்பல் புறப்படும் அன்று காலையில்தான் இறங்குவார்கள். கப்பல் காத்திருக்காது. சோதனை முடித்து உள்ளே போகும் வாயில், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் முன்பே அடைத்துவிடும். விமானம் தனியே எடுக்கப்பட்டதால் கப்பல் நிறுவனத்துக்கோ முகவருக்கோ இதில் பொறுப்பில்லை. மகனே அழைத்துப் பேசி, கட்டணமின்றி முந்தைய இரவு இறங்கும் வேறு விமானத்துக்கு மாற்றிக்கொண்டார். நேர மாற்றத்தை விமான நிறுவனமே செய்ததால் இது முடிந்தது.

2 நாள் முன்பு, சனிக்கிழமை இரவு, அத்தை செயலியில் போர்டிங் பாஸை எடுக்கப் போனபோது பையனின் பிறந்த நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. 185ஆவது நாள் அவசரமாகச் சேர்த்தபோது நேர்ந்த தட்டச்சுப் பிழை. கடவுச்சீட்டோடு ஒத்துப்போகாத விவரத்தோடு துறைமுகத்தில் நின்றால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நிறுவனத்தை அழைத்தார்கள். பதில் சுருக்கமாக வந்தது: இது முகவரின் புக்கிங், அவர்தான் மாற்ற வேண்டும். முகவரின் அலுவலகம் திங்கள்கிழமைதான் திறக்கும். கப்பலோ அதே திங்கள் மாலை கிளம்புகிறது. உறுதிப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஓர் அவசர எண் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்தார்கள். அதன் பிறகு திருத்தம் சில நிமிடங்களில் முடிந்தது.

விளைவு

ஏழு பேரும் ஏறினார்கள். தாயாரின் நாற்காலி மடக்காமலே அறைக்குள் போனது. சான்டோரினியன்று படகுகள் ஓடின; தாயாரும் தந்தையாரும் பால்கனியில் இருந்தார்கள். ஏமாற்றமும் இல்லை, கடைசி நேர வாக்குவாதமும் இல்லை.

பணக் கணக்கில் இரண்டு வழிகளும் கிட்டத்தட்டச் சமன். நேரடி வழியில் விலை இறக்கம் லாபம், பையனின் டெபாசிட் நஷ்டம். முகவர் வழியில் கப்பல் கிரெடிட் லாபம், தவறிய சலுகை நஷ்டம். எது மலிவு என்ற கேள்விக்கு இந்த நிகழ்வில் பதில் இல்லை. ஒவ்வொரு சிக்கலிலும் தீர்மானித்தது வேறொன்று: அந்தப் புக்கிங்கைத் தொடும் உரிமை யாரிடம் இருந்தது, அந்த நேரத்தில் அவரைப் பிடிக்க முடிந்ததா என்பது. நேரடியாக எடுத்தால் அந்த உரிமை பயணியிடமே இருக்கிறது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது பயணிக்கே தெரிந்திருக்க வேண்டும். முகவருக்குக் கேட்கத் தெரியும். அவர் அலுவலக நேரத்தில் மட்டும் கிடைப்பார்.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

முதலாவதும் முக்கியமானதும்: ஒன்றாகப் போகிறவர்களின் எல்லா கேபின்களும் ஒரே கையில் இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் வீல்சேர் இருந்ததால் மூன்றையும் முகவரிடமே கொடுத்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து. முடிவு செய்யாமலே நேரடியாக எடுத்துவிட்டால், மாற்றிக்கொள்ளும் கெடு எத்தனை நாள் என்பதை அன்றே கேட்டு நாட்காட்டியில் குறிக்க வேண்டும். இருவர் மட்டும், படிக்கட்டு ஏறத் தெரிந்தவர்கள், ஏற்கெனவே கப்பலில் போனவர்கள், தேதியில் மாற்றமில்லை என்றால் நேரடி வழியே வசதி. விலை இறக்கத்தை அவர்களே பிடித்துக்கொள்ளலாம்.

யார் வருவார்கள் என்பது முழுவதும் உறுதியாகாதபோது திரும்பாத டெபாசிட் வேண்டாம். கூடுதலாக ஒருவர் சேரக்கூடும் என்ற சாத்தியம் இருந்தாலே, மூன்றாவது ஆளையும் சேர்த்துக் கேபினை எடுத்துவிட்டு, முழுத்தொகை கட்டும் நாளுக்குள் நீக்குவது நல்லது. நீக்குவது எளிது, சேர்ப்பதற்குத்தான் படகில் இடம் வேண்டும்.

முகவரிடம் போகிறவர் டெபாசிட்டுக்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும்: விலை இறங்கினால் யார் பார்ப்பது, விடுமுறை நாளில் எந்த எண், முகவரின் சொந்த ரத்துக் கட்டணம் எவ்வளவு, அட்டைக் கணக்கில் யார் பெயரில் பற்று விழும். கப்பல் நிறுவனத்தின் பெயரிலேயே பற்று விழுந்தால், முகவர் கடையை மூடினாலும் பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று தெரியும். எப்படியிருந்தாலும், முகவர் தந்த புக்கிங் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, கேபின் எண், கட்டிய தொகை நான்கையும் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இதை டெபாசிட் கட்டிய வாரத்திலேயே செய்ய வேண்டும். புக்கிங்கில் ஒவ்வொரு மாற்றம் நடந்த பிறகும் மறுபடி செய்ய வேண்டும்.